பீப் சத்தத்தை நம்பாதீங்க: பழைய டீசல் வண்டியில் ஸ்டார்ட்டர் வயரிங் மறுபடி இணைப்பது எப்படி



போன எபிசோட் கடைசியில், வார இறுதிகளில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரைப் பிரிச்சு மேய்ஞ்சுக்கிட்டு இருக்கோம்னு ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தேன். அதுல "ஆக்சிலரேட்டர் கேபிள்ல புகை வந்துச்சு"ன்னு போகிற போக்கில் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு பலர் கேட்டிருந்தீங்க: ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்வி. இந்த வாரப் பாடம் அதுதான். வண்டி வேலையில் ஆர்வம் இல்லாதவங்களும் படிக்கலாம். "இணைப்பு இருக்கு" என்பதும் "இணைப்பு வேலை செய்யும்" என்பதும் ஒண்ணு இல்லைங்கிறது நம்ம வேலைக்கும் பொருந்தும்.

என்ன நடந்தது

எங்க வண்டி 1992 மாடல் டிஃபெண்டர் 110. எஞ்சின் 200 டிடிஐ, 2,495 சிசி, நாலு சிலிண்டர் டீசல். பெரிய கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். சேஸிஸைத் துருவெல்லாம் தேய்ச்சு எடுத்து, ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரும்ப உட்கார வெச்சு, வயரிங் எல்லாம் மாட்டி முடிச்சாச்சு. மல்டிமீட்டரை பீப் சத்தம் வர்ற மோடில் வெச்சு ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தேன். பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை, எஞ்சின் பிளாக்கில் இன்னொரு முனை. பீப். எர்த் சரின்னு டிக் போட்டுட்டேன்.

சாவியைத் திருப்பினோம். எஞ்சின் முனகிக்கிட்டே கால் சுற்று சுத்தி நின்னுடுச்சு. பேட்டரி வீக்குன்னு நினைச்சு ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டோம். மறுநாளும் அதே முனகல். "இன்னொரு தடவை அடி"ன்னு நண்பர் பானெட்டுக்குள்ள குனிஞ்சு பார்த்துக்கிட்டே சொன்னார். அஞ்சு விநாடி அடிச்சிருப்பேன். "நிறுத்து, நிறுத்து!"ன்னு கத்தினார். ஆக்சிலரேட்டர் கேபிள் மேல இருந்த பிளாஸ்டிக் உறை உருகிப் புகை வந்துக்கிட்டு இருந்தது. அவர் கை அதுக்கு ஒரு ஜான் தூரத்தில் இருந்தது.

காரணம் இதுதான். எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த் பட்டையை, நாங்க அழகா அடிச்ச பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருந்தோம். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல உட்கார்ந்திருக்கு, எக்ஸாஸ்ட் ரப்பரில் தொங்குது. ஆக, எஞ்சினில் இருந்து பேட்டரிக்குத் திரும்பிப் போக ஸ்டார்ட்டர் கரண்ட்டுக்குக் கிடைச்ச நல்ல உலோகப் பாதை, எஞ்சினில் இருந்து முன் தடுப்புச் சுவர் வரை போகிற ஆக்சிலரேட்டர் கேபிள்தான். மீட்டர் பீப் அடிச்சதும் அந்தக் கேபிள் வழியாத்தான்.

மீட்டர் பொய் சொல்லலை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

ரெண்டு சர்க்யூட், ஒரு சோலனாய்டு

ஊர்ல மெக்கானிக்குகள் "செல்ஃப் மோட்டார்"னு சொல்றதுதான் இந்த ஸ்டார்ட்டர். இதுல ரெண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கு.

ஒண்ணு கட்டளைப் பாதை. பேட்டரியில் இருந்து இக்னிஷன் சுவிட்ச், சில வண்டிகளில் நடுவில் ஒரு ரிலே, அங்கிருந்து ஒரு மெல்லிய வயர் சோலனாய்டின் சின்ன முனைக்கு வரும்.

இன்னொண்ணு சக்திப் பாதை. பேட்டரி பாசிட்டிவில் இருந்து விரல் தடிமன் கேபிள் சோலனாய்டின் பெரிய போல்ட்டுக்கு வரும். அங்கிருந்து மோட்டார், மோட்டார் உடம்பு, எஞ்சின், எர்த் பட்டை, சேஸிஸ், கடைசியா பேட்டரி நெகட்டிவ். இந்த வளையத்தில் பாதி கண்ணுக்குத் தெரியாது. வயரிங் வரைபடத்தில் மூணு சின்னக் கோடு போட்டு "எர்த்"னு முடிச்சுடுவாங்க. நிஜத்தில், போன அவ்வளவு கரண்ட்டும் அந்த வழியாத் திரும்பி வரணும்.

எவ்வளவு கரண்ட்? இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 19.5:1. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்குற சூட்டில்தான் எரிபொருள் பத்திக்கணும், அதனால் எஞ்சினை வேகமாவும் சுத்தணும். இந்த அளவு டீசலைச் சுத்த 200 முதல் 400 ஆம்பியர் வரை ஆகும், அசையத் தொடங்கும் அந்தக் கணத்தில் இன்னும் கூட. வீட்டு இஸ்திரிப் பெட்டி எடுப்பது நாலஞ்சு ஆம்பியர்தான்.

சோலனாய்டுக்குள்ள நடக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன். அதுல ரெண்டு சுருள் இருக்கு: இழுக்கும் சுருள், பிடிக்கும் சுருள். ரெண்டுக்கும் ஆரம்பம் சின்ன முனைதான். பிடிக்கும் சுருளின் மறுமுனை உடம்போடு எர்த் ஆகும். இழுக்கும் சுருளின் மறுமுனை, மோட்டாருக்குப் போகிற போல்ட்டில் இணைஞ்சிருக்கும். சாவியைத் திருப்பினதும் ரெண்டு சுருளும் சேர்ந்து உள்ளே இருக்கிற இரும்புத் தண்டை இழுக்கும். அது ஒரு பக்கம் பினியன் பல்சக்கரத்தை ஃப்ளைவீலை நோக்கித் தள்ளும், இன்னொரு பக்கம் தடிமனான செம்புத் தகடால் ரெண்டு பெரிய போல்ட்டையும் இணைக்கும். இணைஞ்ச நொடியில் மோட்டார் போல்ட்டுக்கும் 12 வோல்ட் வந்துடும். இழுக்கும் சுருளின் ரெண்டு முனையிலும் ஒரே வோல்ட், அதனால் அதுல கரண்ட் தானா நின்னுடும். வேலை முடிஞ்சவர் தானே ஒதுங்கிக்கிறார். குறைஞ்ச கரண்ட் எடுக்கும் பிடிக்கும் சுருள் மட்டும் சாவியை விடும் வரை தண்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். தனி சென்சார் இல்லை, லாஜிக் சிப் இல்லை.

இதைப் புரிஞ்சுக்கிட்டா பழைய வண்டியின் "டக்-டக்-டக்" சத்தமும் புரிஞ்சிடும். தகடு இணையுது, மோட்டார் நிறைய கரண்ட் இழுக்குது, வோல்ட் சரியுது, பிடிக்கும் சுருளால் பிடிக்க முடியாம விடுது. விட்டதும் வோல்ட் ஏறுது, மறுபடி இழுக்குது. முடிவே இல்லாத ரீட்ரை லூப்.

எந்த வயர் எங்கே

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வயர் நிறங்களுக்கு பிஎஸ் ஏயூ 7 என்கிற தரக்குறியீடு உண்டு. நமக்கு வேண்டியது நாலுதான்.

- பிரவுன்: பேட்டரியில் இருந்து நேரா வர்றது. சாவி இல்லாமலே எப்பவும் கரண்ட் இருக்கும்.
- வெள்ளை: சாவி ஆன் ஆனதும் கரண்ட் வரும்.
- வெள்ளையில் சிவப்புக் கோடு: ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கரண்ட் வரும். சோலனாய்டின் சின்ன முனைக்குப் போறது இதுதான்.
- கருப்பு: எர்த்.

முப்பது வருஷ வண்டியில் யாரோ எப்பவோ கையில் கிடைச்ச வயரைப் போட்டு ஒட்டியிருப்பாங்க. அதனால் நிறத்தைக் குறிப்பா வெச்சுக்கிட்டு, மீட்டரால் உறுதி பண்ணுங்க. பிரிக்கும்போதே போட்டோ எடுத்து, ஒவ்வொரு முனையிலும் டேப் ஒட்டி எழுதி வெச்சா பாதி வேலை மிச்சம்.

ஸ்டார்ட்டரில் ரெண்டு பெரிய போல்ட் இருக்கும்னு சொன்னேன். பேட்டரி கேபிள் வர வேண்டிய போல்ட்டுக்கு, ஜெர்மன் முறையில் எண் போட்ட ஸ்டார்ட்டர்களில் 30 என்றும், சின்ன முனைக்கு 50 என்றும் பொறிச்சிருக்கும். இன்னொரு பெரிய போல்ட்டில் இருந்து தடிமனான செம்புப் பின்னலோ பட்டையோ மோட்டாருக்குள்ளே போகும். பேட்டரி கேபிளைத் தப்பா அதுல மாட்டிட்டா, பேட்டரியை இணைச்ச அந்த நிமிஷமே மோட்டார் தனியா சுத்த ஆரம்பிச்சுடும். சாவியால் நிறுத்த முடியாது.

எங்க வண்டியில் ஸ்டார்ட்டரின் அந்த முதல் போல்ட்தான் ஜங்ஷன். பேட்டரி கேபிளோட பிரவுன் வயர்களும் அங்கேதான் சேரும்: ஆல்டர்னேட்டர் சார்ஜ் வர்றது, ஃப்யூஸ் பாக்ஸுக்குப் போறது. அதுல ஒண்ணை மாட்ட மறந்தா செல்ஃப் அடிக்கும், ஆனா டாஷ்போர்டு செத்துப்போயிருக்கும், இல்லைன்னா சார்ஜ் ஏறாது.

இணைக்கும் வரிசை

இப்போ நாங்க பின்பற்றுற வரிசை இது. முதல் தடவையே இப்படிச் செஞ்சிருந்தா ஒரு கேபிளும் ஒரு வாரமும் மிச்சமாகியிருக்கும்.

1. பேட்டரியைக் கழற்றித் தூரமா வைங்க. மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எல்லாம் கழற்றிடுங்க. பேட்டரியை ஷார்ட் பண்ணினா ஆயிரம் ஆம்பியர் வரைகூட ஓடும். அந்த வழியில் மோதிரம் மாட்டினா அது விரலோடு சேர்ந்து பழுக்கும்.

2. எர்த்தில் இருந்து ஆரம்பிங்க. பேட்டரி நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் சேருற இடம், எஞ்சின் பட்டையின் ரெண்டு முனை, மூணு இடத்திலும் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்ச்சு உலோகம் பளிச்சுன்னு தெரியணும். பல் வெச்ச வாஷர் போட்டு முடுக்குங்க. முடுக்கின பிறகு மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்க, துரு பிடிக்காது. முதல்ல இணைப்பு, அப்புறம்தான் பூச்சு. நாங்க தலைகீழாச் செஞ்சோம்.

3. ஸ்டார்ட்டர் எஞ்சினோடு சேருற முகத்தையும் பாருங்க. பல ஸ்டார்ட்டர்களுக்குத் தனி எர்த் வயர் கிடையாது, அதன் உடம்புதான் எர்த். அங்கே பெயின்ட் அடிச்சிருந்தா தேய்ச்சு எடுங்க.

4. பெரிய போல்ட்டில் கேபிளையும் பிரவுன் வயர்களையும் மாட்டுங்க. கேபிள் லக் போல்ட்டில் தட்டையா உட்காரணும். அந்த போல்ட் செம்பு, மென்மையானது. பலம் காட்டினா போல்ட்டே சுத்திக்கிட்டு சோலனாய்டு மூடி விரிசல் விடும். அடி நட் இருந்தா அதை ஒரு ஸ்பேனரில் பிடிச்சுக்கிட்டு மேல் நட்டை முடுக்குங்க.

5. சின்ன முனை வயர் இறுக்கமா மாட்டணும், பெரிய போல்ட்டைத் தொடவே கூடாது. தொட்டா சாவி இல்லாமலே எஞ்சின் சுத்தும். கியரில் இருந்தா வண்டி தானா நகரும். அடியில் நீங்க படுத்திருக்கலாம்.

6. பெரிய கேபிளுக்குப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூஸ் கிடையாது. சேஸிஸ் விளிம்பில் உரசி ரப்பர் கிழிஞ்சா நிறுத்துறதுக்கு எதுவுமே இல்லை, தீதான். அதனால் துளை வழியாப் போகிற இடத்தில் ரப்பர் வளையம், வழியெல்லாம் கிளிப், எக்ஸாஸ்ட்டில் இருந்து தள்ளி வழி, போல்ட் மேல ரப்பர் தொப்பி. இதுல எதையும் "அப்புறம் போடலாம்"னு விடாதீங்க.

7. நெகட்டிவ் பக்கம் ஒரு பேட்டரி ஐசோலேட்டர் சுவிட்ச் போடுங்க. எங்க வண்டியில் பேட்டரி முன் சீட்டுக்கு அடியில் இருக்கு. சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, ஸ்பேனர் தேடி எடுக்கிறதுக்குள்ள கதை முடிஞ்சுடும்.

8. பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். காரணம் எளிது: நெகட்டிவ் மாட்டாத வரைக்கும், பாசிட்டிவை முடுக்குற ஸ்பேனர் பாடியில் பட்டாலும் சர்க்யூட் முழுமையாகாது. கழற்றும்போது அப்படியே தலைகீழ்.

9. முதல் தடவை நெகட்டிவை நேரா மாட்டாதீங்க. நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் வைங்க. எல்லா சுவிட்சும் ஆஃப்ல இருக்கும்போது பல்ப் முழு வெளிச்சத்தில் எரிஞ்சா எங்கேயோ ஷார்ட். எரியலைன்னா தைரியமா மாட்டலாம். எங்கேயாவது ஷார்ட் இருந்தாலும் அந்தப் பல்ப் கரண்ட்டை ரெண்டு ஆம்பியருக்குள்ளே நிறுத்திடும். முழு ரிலீஸுக்கு முன்னாடி சின்னதா ஒரு டெஸ்ட் டிப்ளாய்மென்ட்.

10. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு அடியில் கட்டை. டீசல் பம்பின் ஸ்டாப் சோலனாய்டு வயரைக் கழற்றி வைங்க. அதுக்குக் கரண்ட் இல்லாம டீசல் போகாது, எஞ்சின் பத்தாது. இப்போ பத்து விநாடி செல்ஃப் அடிங்க, அரை நிமிஷம் ஆறவிடுங்க, மறுபடி அடிங்க. ஆயில் விளக்கு அணைஞ்சதும் வயரை மாட்டி, க்ளோ பிளக்கைச் சூடாக்கி ஸ்டார்ட் பண்ணுங்க. புதுசா அடுக்கின எஞ்சினுக்கு ஆயில் முதலில் போய்ச் சேரும்.

சரியான கேள்வி: வோல்டேஜ் டிராப்

இப்போ மீட்டருக்கு வருவோம். பீப் மோடில் மீட்டர் ரொம்பச் சின்ன கரண்ட் மட்டும் அனுப்பிப் பார்க்குது. பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். ஸ்டார்ட்டர் உலகத்தில் 0.01 ஓமே அதிகம். கணக்கு போடுங்க: 300 ஆம்பியர் × 0.01 ஓம் = 3 வோல்ட். இருக்கிற 12-ல 3 போச்சு. அந்த ஒரு இணைப்பில் 900 வாட் சூடு, ஏறக்குறைய ஒரு இஸ்திரிப் பெட்டி. சாதாரண மீட்டரின் ஓம் மோடில் 0.01 என்பது தெரியவே தெரியாது.

நல்ல கேபிளோடு ஒப்பிடுங்க. 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் மீட்டருக்கு 0.00034 ஓம் அளவு. ரெண்டு மீட்டர் கேபிளில் 300 ஆம்பியர் ஓடினா இழப்பு 0.2 வோல்ட்தான். ஆக, கேபிள் சரியான தடிமனில் இருந்தால் இழப்பு பெரும்பாலும் இணைப்புகளில்தான்.

பிங் போகுதான்னு மட்டும் பார்த்துட்டு வீடியோ ஓடும்னு சொல்ற மாதிரிதான் நான் செஞ்சது. லோடு போட்டுத்தான் அளக்கணும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைங்க. ஸ்டாப் சோலனாய்டு வயர் கழன்றே இருக்கட்டும். ஒருத்தர் சாவியைத் திருப்ப, இன்னொருத்தர் பார்க்கணும். கையும் வயரும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது.

- பேட்டரியின் ரெண்டு போஸ்ட்டுக்கும் நடுவில்: சும்மா இருக்கும்போது 12.6 அளவு. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனா முதலில் பேட்டரியைப் பாருங்க.
- பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில் இருந்து ஸ்டார்ட்டர் உடம்பு வரை: 0.3-க்குள் இருந்தா நல்லது. 0.5-ஐத் தாண்டினா எர்த்தில் தப்பு.
- பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டில் இருந்து சோலனாய்டின் பேட்டரி போல்ட் வரை: இங்கேயும் 0.5-க்குள்.
- சோலனாய்டின் ரெண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவில்: சும்மா இருக்கும்போது 12 காட்டும், செல்ஃப் அடிக்கும்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரணும். வரலைன்னா உள்ளே செம்புத் தகடு கருகியிருக்கு.
- சின்ன முனையில் இருந்து ஸ்டார்ட்டர் உடம்பு வரை: பேட்டரி போஸ்ட்டில் காட்டுறதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா இக்னிஷன் சுவிட்ச், ரிலே, இல்லைன்னா அந்த வயர்.

முனையைக் கிளாம்ப்பில் வைக்காம, பேட்டரி போஸ்ட் ஈயத்திலேயே வைங்க. அப்பதான் கிளாம்ப் இணைப்பும் சேர்ந்து அளவில் வரும்.

புகைக்கு அப்புறம் ஒரே ஒரு விநாடி செல்ஃப் அடிச்சு எர்த் பக்கம் அளந்தோம். 4.3 வோல்ட். பேட்டரி போஸ்ட்டில் 11.8. இந்த 11.8-ஐ முதல் நாளே பார்த்திருந்தா பேட்டரியைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டோம்: பேட்டரி சரியாத்தான் இருக்கு, கரண்ட் போக வழியில்லைன்னு அது சொல்லுது. ஒரு ஜம்ப் கேபிளை பேட்டரி நெகட்டிவில் இருந்து நேரா எஞ்சினின் தூக்கும் கொக்கியில் மாட்டினோம். எஞ்சின் சிங்கம் மாதிரி சுத்துச்சு. எர்த் சந்தேகம் வந்தா அஞ்சு நிமிஷத்தில் தீர்க்கிற வழி இதுதான். பெயின்ட்டைத் தேய்ச்சு பட்டையை மறுபடி மாட்டின பிறகு 0.18.

சத்தத்தை வெச்சு

சத்தமே இல்லைன்னா கட்டளைப் பாதை. ஒரே ஒரு "டக்", பிறகு அமைதின்னா தகடு, பெரிய கேபிள், இல்லைன்னா எஞ்சினே இறுகியிருக்கு. "டக்-டக்-டக்"ன்னா பேட்டரி, இல்லைன்னா மோசமான இணைப்பு. மெதுவா முனகினா எர்த்தை முதலில் பாருங்க. மோட்டார் மட்டும் "விர்ர்"ன்னு சுத்தி எஞ்சின் சுத்தலைன்னா பினியன். சாவியை விட்டும் சுத்திக்கிட்டே இருந்தா யோசிக்காம ஐசோலேட்டரை அணைங்க, காரணத்தை அப்புறம் தேடலாம்.

புது ஆக்சிலரேட்டர் கேபிள் போட்டாச்சு. உருகின பழைய கேபிளை நண்பர் தூக்கிப் போட விடலை, கராஜ் சுவரில் ஆணி அடிச்சு மாட்டியிருக்கார். வேலை முடிஞ்சு நான் "எல்லாம் கனெக்டட்"னு சொல்லும்போதெல்லாம் பேசாம அதைக் கை காட்டுவார். அதுக்கப்புறம் நான் மீட்டரை எடுத்துக்கிட்டு போய் லோடு போட்டு அளந்துட்டு வருவேன்.

உங்க கிட்டேயும் பழைய வண்டி, பழைய ஜெனரேட்டர், பழைய டிராக்டர் கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அளந்த வோல்ட்டையும் சேர்த்து எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.